மூணு நாள் வரைக்கும் பால் வராதா? சீம்பாலின் கதை

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் யாராவது மாசமா இருந்தா சேமிச்சு வெச்சுக்கிட்டு, ராத்திரி பொறுமையா படிங்க. முடிஞ்சா வீட்டுப் பெரியவங்களுக்கும் சத்தமா படிச்சுக் காட்டுங்க.

மாடு கன்னு போட்ட வீடு எதுன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். ஒண்ணு ரெண்டு நாளில் தூக்குவாளியில் சீம்பால் வரும். வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் பொடிச்சு, இட்லிப் பானையில் ஆவி கட்டினா கட்டியா நிக்கும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த ருசியைப் பத்தி நான் சொல்லணுமா என்ன?

அதே வீட்டில் ஒரு சட்டமும் உண்டு. கன்னுக்குட்டி முதலில் குடிக்கணும், மிச்சம்தான் நமக்கு. சீம்பால் குடிக்காத கன்னு தேறாதுன்னு மாடு வளர்க்கிற எவரும் சொல்வார். படிப்பே தேவையில்லை.

இப்போ அதே வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகுது. மஞ்சளா, பிசுபிசுன்னு சில சொட்டு வருது. பக்கத்தில் இருக்கிற ஆயா என்ன சொல்றாங்க? "அது சீழு மாதிரி இருக்கு, பீய்ச்சி விட்டுடு. மூணாம் நாள் நல்ல பால் வரும். அதுவரைக்கும் சர்க்கரைத் தண்ணி குடு."

மாட்டுக்குத் தெரிஞ்சது மனுஷிக்கு எப்படி மறந்துபோச்சு? நம்ம ஆயாக்களின் அறியாமைன்னு முடிச்சுடாதீங்க. உலகத்தின் மிகப் பெரிய மருத்துவர்கள் எழுதிவெச்சதைத்தான் ஆயா சொல்றாங்க. தப்பு எங்க தொழிலில் ஆரம்பிச்சது.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். அது புரிஞ்சாத்தான் இந்த வரலாறே புரியும்.

சீம்பால் பிரசவத்தன்னைக்கு ஊற ஆரம்பிக்கிறது இல்லை. கர்ப்பத்தின் பாதியிலேயே மார்பு அதைத் தயாரிக்கத் தொடங்கிடும். ஆனா நஞ்சுக்கொடியில் இருந்து வரும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், "இப்போ வேணாம், பொறு"ன்னு அதை அடக்கி வெச்சிருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன் சரசரன்னு இறங்கும். அடை எடுத்த மாதிரி பால் பெருகும். பெருகுறதுக்கு ஏறக்குறைய 30 மணி நேரத்தில் இருந்து 72 மணி நேரம் ஆகும். மார்பு கனத்து, சூடாகி, "பால் எறங்கிடுச்சு"ன்னு அம்மாவே உணர்வது அப்போதான்.

ஆக, மூணாம் நாள் பால் பெருகும்னு ஆயா பார்த்தது நூத்துக்கு நூறு சரி. அதுக்கு முந்தின ரெண்டு மூணு நாளை "காலி இடம்"னு நினைச்சதுதான் தப்பு. அந்த இடம் காலியா இல்லை. சொட்டு சொட்டா இருக்கு, அவ்வளவுதான். முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமா பெரும்பாலும் 30, 40 மில்லிதான். ஒரு தடவை குடிக்கிறது ஒரு டீஸ்பூனுக்கு முன்னே பின்னே. டம்ளர் கணக்கில் யோசிக்கிற கண்ணுக்கு அது "இல்லை"ன்னு தெரியுது.

இந்த "காலி இடத்தை" எதையாவது போட்டு நிரப்பணும்கிற தவிப்புதான் கிட்டத்தட்ட 2000 வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு. நிரப்பும் பொருள் மட்டும்தான் மாறுது.

சுஸ்ருத சம்ஹிதையை எடுத்துக்கோங்க. மூணு அல்லது நாலு இரவுக்கு அப்புறம்தான் பால் சுரக்கும்னு அதில் இருக்கு. எவ்வளவு துல்லியமான கவனிப்பு! ஆனா அதுவரைக்கும் குழந்தைக்குத் தேனும் நெய்யும் மூலிகையும்னு விதி வகுத்திடுச்சு. சரக சம்ஹிதை கொஞ்சம் வேற மாதிரி. தேன், நெய் சடங்கை முடிச்சுட்டு உடனே தாயின் மார்பைக் கொடுக்கச் சொல்லுது. ரெண்டுமே நம்ம மரபுதான். "நம்ம பாரம்பரியம் இதைத்தான் சொல்லுது"ன்னு யாராவது உங்களிடம் அடிச்சுப் பேசினா, எந்தப் பாரம்பரியம்னு கேளுங்க.

இதே காலகட்டத்தை ஒட்டி ரோமில் சொரானஸ்னு ஒரு கிரேக்க மருத்துவர் இருந்தார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. பெண்கள் மருத்துவத்தில் அவர் எழுதினது பல நூறு வருஷம் ஐரோப்பாவுக்கே பாடம். பிரசவிச்ச தாயின் முதல் பால் கனமானது, செரிக்காதது, ஏறக்குறைய 20 நாள் வரை தாய்ப்பால் தள்ளிப்போகட்டும், அதுவரை காய்ச்சின தேன், அப்புறம் வேறொரு செவிலித்தாயின் பால்னு சொன்னார். "தாய் உடனே கொடுக்கலாமே, இயற்கை அதுக்குத்தானே முன்கூட்டியே பாலை வெச்சிருக்கு"ன்னு வாதிட்டவர் டமாஸ்டஸ். அவரைக் கண்டிச்சே சொரானஸ் எழுதினார். இன்னிக்கு சொரானஸுக்குப் பெரிய பெயர். டமாஸ்டஸ் யாருன்னு கேட்டா மருத்துவக் கல்லூரியிலேயே முழிப்பாங்க. சரியாச் சொன்னவர் அந்த ஆள்தான்!

நம்ம ஊருக்கு வருவோம். சேனை வைக்கிறது இங்கே எல்லாருக்கும் தெரியும். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணியோ, தேனோ, வெல்லத் தண்ணியோ தொட்டு வைப்பாங்க. யார் வைக்கிறாங்களோ அவங்க குணம் குழந்தைக்கு வரும்னு நம்பிக்கை. அதனால் வீட்டில் பெயர் எடுத்த தாத்தா, வேலையில் இருக்கிற மாமான்னு ஆள் தேடுவாங்க. பையன் பின்னாடி அடம் பிடிச்சா, "யாருடா உனக்கு சேனை வெச்சது?"

முதலில் வாயில் போவது மனுஷனையே வடிவமைக்கும்கிற எண்ணம் இந்த மண்ணில் ரொம்ப ஆழம். சிதம்பரத்தில் இருந்து கொள்ளிடம் தாண்டினா சீர்காழி. மூணு வயசுக் குழந்தை சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த கதை நடந்த ஊர். அதைப் பெரிய புராணத்தில் பாடின சேக்கிழார், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து பாடினார்னு மரபு. பால் வழியா ஞானம் போகும்னு நம்பின மக்கள் நாம. பால் வழியா என்ன போகுதுன்னு ஆய்வுக்கூடம் கண்டுபிடிச்ச கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வரேன்.

பரங்கிப்பேட்டை பக்கம் முஸ்லிம் வீடுகளில் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் வழக்கம் உண்டு. இன்னும் சில வீடுகளில் வெளக்கெண்ணெய். "காட்டுப்பீ வெளியேறணும்"னு காரணம் சொல்வாங்க. அந்தக் கருமலத்தை வெளியேத்துற மருந்தே சீம்பால்தான். குடலை லேசா இளக்கும் தன்மை அதுக்கு உண்டு.

கழுதைப்பாலை விட்டுட்டா எங்க ஊர்க்காரங்க கோவிச்சுப்பாங்க. கழுதையை ஓட்டிக்கிட்டுத் தெருத்தெருவா வந்து, வாசலிலேயே கறந்து, சங்கு கணக்கில் விற்பாங்க. சளி பிடிக்காது, மஞ்சக்காமாலை வராது, குரல் நல்லா வரும். இப்படி அதுக்கு ஆயிரம் பெருமை. சிரிக்காதீங்க, 1880-களில் பாரிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனையில், பிறவிச் சிபிலிஸ் நோய் உள்ள குழந்தைகளைக் கழுதை மடியிலேயே நேரடியா குடிக்க வெச்சாங்க. சர்க்கரை, புரத அளவில் கழுதைப்பால் தாய்ப்பாலுக்கு ஓரளவு நெருக்கம்தான். ஆனா காய்ச்சாத பால், கழுவாத மடி, தெருத்தூசி படிஞ்ச சங்கு. பிறந்து ரெண்டு நாளான குடலுக்கு இது வேணுமா?

தேனைப் பத்தியும் ஒரு வார்த்தை. தேனில் சில சமயம் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நமக்கு ஒண்ணும் பண்ணாது. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைச்சு, நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். சிசு பொட்டுலிசம்னு பேர். 1976-இல் கலிபோர்னியாவில்தான் இதை முதலில் அடையாளம் கண்டாங்க. சுஸ்ருதருக்கும் சொரானஸுக்கும் இது தெரிய வழியே இல்லை. நமக்குத் தெரியும். ஒரு வயசு வரை தேன் வேணாம், சேனைக்குக்கூட.

எல்லாப் பழைய விஷயத்தையும் திட்டுறேன்னு நினைக்காதீங்க. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம், பாலாடை, அது நம்ம சொத்து. சப்ப முடியாத குறைமாதக் குழந்தைக்குப் பீய்ச்சின தாய்ப்பாலைக் கொடுக்க இன்னிக்கும் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் அதுதான். பாட்டில், கப், பாலாடை மூணையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ பாலாடைதான் முந்தியது. உலக மருத்துவ இதழ்களில் "பாலாடை"ங்கிற தமிழ்ச் சொல் அப்படியே அச்சாகுது. எதைப் பாலாடையில் ஊத்துறோம்கிறதுதான் கேள்வி.

சரி, இந்த "காலி இடம்" எப்போ கேள்விக்குள்ளாச்சு?

கடலூர்க்காரங்களுக்கு ஒரு சுவாரசியம். தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை உங்களுக்குத் தெரியும். 1746-இல் பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சதும், கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இங்கே வந்துடுச்சு. 1748-இல் லண்டனில் இருந்து வர்ற கப்பல்கள் நம்ம கடலூர் கரையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தன. அதே 1748-இல் லண்டனில் வில்லியம் கடோகன்னு ஒரு மருத்துவர் சின்னப் புத்தகம் ஒண்ணு போட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் நிர்வாகி ஒருத்தருக்கு எழுதின கடிதம் அது.

பிறந்த உடனே குழந்தை வாயில் வெண்ணெயும் சர்க்கரையும் திணிக்கிறாங்களேன்னு அதில் பொரிஞ்சு தள்ளியிருக்கார். ஆமா, இங்கிலாந்திலும் சேனை! தாயின் முதல் பாலே குழந்தையைச் சுத்தப்படுத்தப் போதும், சீக்கிரம் மார்பில் போடுங்கன்னார். அந்த யோசனை கப்பல் ஏறி நம்ம கரைக்கு வந்துச்சான்னு யோசிச்சா எனக்கே சிரிப்பு வருது. கோட்டையில் எல்லாரும் பீரங்கியைப் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க.

கடோகன் சொன்னது அனுபவத்தில். ஆதாரம் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு.

1892, ஜெர்மனி. பால் எர்லிச். (அவர் பெயரே பால், என்ன பண்றது.) இவர் செஞ்ச சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. அவர் எடுத்த விஷங்கள் நமக்குப் பழக்கமானவை. ஒண்ணு குன்றிமணியில் இருப்பது, இன்னொண்ணு ஆமணக்கு விதையில் இருப்பது. பெண் எலிகளுக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து எதிர்ப்பு சக்தி வர வெச்சார். அப்புறம் ஒரு தந்திரம். குட்டிகளை மாத்திவிட்டார். எதிர்ப்பு இல்லாத தாய்க்குப் பிறந்த குட்டி, எதிர்ப்பு உள்ள தாயிடம் பால் குடிச்சது. அந்தக் குட்டி விஷத்தைத் தாங்கிச்சு! ரத்தத்தில் வந்தது இல்லை, பாலில் வந்தது. பால் வழியா பாதுகாப்பு போகும்னு முதல்முறையா நிரூபணம் ஆச்சு.

1922-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் ரெண்டு பேரும் கன்னுக்குட்டிகளைப் பார்த்தாங்க. சீம்பால் குடிச்ச கன்னுகள் பிழைச்சன. சீம்பால் கொடுக்காத கன்னுகளில் பெரும்பாலானவை சில நாளில் கிருமி தாக்கிச் செத்தன. நம்ம ஊர் மாட்டுக்காரர் சொன்னதை ஆராய்ச்சி இதழில் போட்டாங்கன்னு வெச்சுக்கோங்க.

இங்கே ஒரு நுணுக்கம். மாட்டையும் மனுஷியையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. கன்னுக்குட்டி, தாயின் எதிர்ப்புப் புரதம் எதுவும் இல்லாமலே பிறக்குது. அதோட முழுப் பாதுகாப்பும் சீம்பால் வழியாத்தான். மனிதக் குழந்தை அப்படி இல்லை, நஞ்சுக்கொடி வழியாவே கணிசமா வாங்கிக்கிட்டு வரும். அதனால் சீம்பால் கிடைக்காத குழந்தை கன்னு மாதிரி உடனே சாயாது. இந்த வித்தியாசத்தாலதான் மனுஷங்க இத்தனை நூற்றாண்டு இந்தத் தப்பைச் செஞ்சும் பிழைச்சோம், தப்புன்னும் தெரியாம இருந்தோம்.

அப்போ மனிதச் சீம்பாலின் வேலை என்ன? 1961-இல் ஸ்வீடனின் லார்ஸ் ஹான்சன் அதைப் பிரிச்சுப் பார்த்தார். தாய்ப்பாலில் இருக்கிற எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் இருக்கிற அதே சரக்கு இல்லை, தனி வகைன்னு காட்டினார். சுரப்பு ஐஜிஏன்னு இன்னிக்குச் சொல்றோம். அது ரத்தத்தில் கலக்காது. குடலின் உள் சுவரிலும் தொண்டையிலும் பூச்சு மாதிரி படிஞ்சு, கிருமி ஒட்டாம பார்த்துக்கும். சீம்பாலில் இதோட செறிவு மிக அதிகம். பால் பெருகப் பெருகச் செறிவு குறையும். அதாவது குடல் புத்தம்புதுசா, காவலே இல்லாம இருக்கிற முதல் ரெண்டு நாளில்தான் காவல் மருந்தும் உச்சத்தில் இருக்கு. அந்த மஞ்சள் நிறம் சீழ் இல்லை. காரட்டிலும் மாம்பழத்திலும் இருக்கிற அதே கரோட்டின் குடும்பம்.

இந்தக் கண்டுபிடிப்புகள் வந்துட்டா மருத்துவமனைகள் திருந்தியிருக்கணும் இல்லையா? இனிமேதான் வெட்கப்பட வேண்டிய பகுதி.

20-ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் மருத்துவமனைகள் என்ன பண்ணின? குழந்தையைத் தாயிடம் இருந்து பிரிச்சுக் கண்ணாடி அறையில் வெச்சாங்க. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் பால்னு அட்டவணை போட்டாங்க. நியூசிலாந்தின் ட்ரூபி கிங் அந்த ஒழுங்கை உலகம் முழுக்கப் பரப்பினார். முதல் பல மணி நேரம் வாயில் ஒண்ணும் இல்லை, அப்புறம் குளுக்கோஸ் தண்ணி. வெள்ளைக் கோட்டு போட்ட சேனை!

"காலி இடத்தை" நிரப்ப டப்பாவும் வந்துடுச்சு. 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தன் குழந்தை உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாய் இல்லாத குழந்தைக்கு அது உண்மையில் உதவி. ஆனா கொஞ்சம் கொஞ்சமா தாய் இருக்கிற குழந்தைக்கும் போச்சு. 1939-இல் சிங்கப்பூரில், ரோட்டரி சங்கக் கூட்டத்தில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் "பாலும் கொலையும்"னு தலைப்பு வெச்சுப் பேசினார். ஏழைத் தாய்களிடம் டப்பாப் பாலை விளம்பரப்படுத்துவதைக் கொலைன்னே சொன்னார். கேட்டவங்க மலேயாவின் பெரிய மனுஷங்க. அந்தக் காலத்தில் அந்த மண்ணில் ரப்பர் வெட்டிக்கிட்டு இருந்தவங்களில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

அந்தப் பேச்சுக்கு உலகம் பதில் சொல்ல 42 வருஷம் ஆச்சு. 1981-இல் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருட்களின் விளம்பரத்துக்கு நெறிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒண்ணு அமெரிக்கா. இந்தியா 1992-இல் தனிச் சட்டமே போட்டு, 2003-இல் இன்னும் இறுக்கிச்சு. இலவச சாம்பிள் கூடாது, விளம்பரம் கூடாது, மருத்துவருக்கும் செவிலியருக்கும் பரிசு கூடாது, டப்பாவில் கொழுகொழு குழந்தை படம் கூடாது. இன்னிக்கு நீங்க வாங்குற பால் பவுடர் டப்பாவில் குழந்தை படம் இருக்காது. கவனிச்சிருக்கீங்களா?

சட்டம் இருந்தும் என்ன நடக்கும்னு 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பார்த்தோம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு... பெயர்களைச் சொன்னாலே கடலூர்க்காரங்களுக்குத் தொண்டை அடைக்கும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணம் லாரி லாரியா வந்துச்சு. நல்ல மனசோட வந்ததுதான். இப்படிப்பட்ட நிவாரணத்தில் பால் பவுடரும் இருக்கும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியின் பாதிக்கப்பட்ட மீனவக் கிராமங்களில் ஜிப்மர் மருத்துவர்கள் கணக்கெடுத்தாங்க. இலவசப் பால் பவுடர் குடிச்ச குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, குடிக்காதவங்களைவிட 3 மடங்கு. காரணம் பவுடர் மட்டும் இல்லை. கலக்கும் தண்ணி, கழுவ முடியாத பாட்டில், கூட்டம் நிறைஞ்ச முகாம்.

"பயத்துல பால் வத்திப்போச்சு டாக்டர்." பேரிடர் சமயத்தில் தாய்மார்கள் இப்படிச் சொல்றது வழக்கம். பயத்திலும் துக்கத்திலும் பால் இறங்குறது தற்காலிகமா தடைப்படும், அது உண்மை. உற்பத்தி நின்னுடுறது இல்லை. பக்கத்தில் ஆறுதலா ஒரு ஆள், குழந்தை மார்போடு, அடிக்கடி சப்பக் கொடுப்பது. இது போதும், திரும்ப இறங்கும்.

இப்போ எண்களுக்கு வருவோம். முதல் மணி நேரம், முதல் நாள்னு நாங்க கத்துறதுக்கு ஆதாரம் என்ன?

2006-இல் கானா நாட்டுக் கிராமங்களில் 10,947 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. எல்லாக் குழந்தைக்கும் முதல் நாளே தாய்ப்பால் தொடங்கினா, பிறந்த முதல் மாத மரணங்களில் 16 சதவீதத்தைத் தடுக்கலாம், முதல் மணி நேரத்திலேயே தொடங்கினா 22 சதவீதம்னு கணக்கிட்டாங்க. "அது ஆப்பிரிக்கா"ன்னு சொல்வீங்க. சரி. நம்ம தமிழ்நாட்டுத் தென் மாவட்டக் கிராமங்களிலேயே 10,464 குழந்தைகளின் விவரம் 2011-இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குப் பிறகு பால் தொடங்கின குழந்தைகளுக்கு இறப்பு அபாயம் சுமார் 78 சதவீதம் அதிகம்.

புத்திசாலி வாசகர் ஒருத்தர் இங்கே கேட்பார்: நோயாளிக் குழந்தை சரியா குடிக்காது, அதனால தாமதம், அதனால மரணம். தலைகீழா பார்க்கலாமே? நல்ல கேள்வி. கானா ஆய்வில் முதல் ரெண்டு நாளில் இறந்த குழந்தைகளையும், நோயுற்ற குழந்தைகளையும் கழிச்சுட்டும் பார்த்தாங்க. தொடர்பு மறையலை.

தமிழ்நாடு எங்கே நிக்குது? 1992-93 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்க ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைச்ச குழந்தைகள் 10 சதவீதம்கூட இல்லை. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியா சுமார் 42. தமிழ்நாடு சுமார் 60. இந்த உயர்வுக்குக் காரணம் பெரிய டாக்டர்கள்னு நினைக்காதீங்க. வெயிலில் வீடு வீடாப் போன கிராம சுகாதார செவிலியர்களும் பிரசவ அறை செவிலியர்களும்தான்.

ஆனா 60-ஐப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரலை. ஏன்னா தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்குது. சேனை வைக்க மருத்துவச்சி வீட்டுக்கு வர்ற காலம் போயாச்சு. எங்க கண் முன்னாடி, எங்க கூரைக்குக் கீழ பிறக்கிற 10 குழந்தைகளில் 4 பேருக்கு முதல் மணி நேரத்தில் பால் இல்லை. ஆயாவைக் குற்றம் சொல்ல முடியாது இல்லையா?

முக்கியக் காரணங்களில் ஒண்ணு சிசேரியன். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். அம்மா தியேட்டரில், குழந்தை வேற அறையில், வெளியே பதற்றத்தோட அப்பா. "குழந்தைக்குப் பசிக்கும், ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க"ன்னு யாரோ சொல்வாங்க. மூணாம் நாள் வரைக்கும் பால் வராதுங்கிற அதே பழைய நம்பிக்கை, இப்போ மருந்துச் சீட்டில். 30 மில்லி பவுடர் பால் உள்ளே போனதும் குழந்தை அசந்து தூங்கும். சப்பாது. சப்பாட்டி புரோலாக்டின் தூண்டுதல் குறையும். பால் பெருகத் தாமதமாகும். "பாருங்க, நான்தான் சொன்னேனே, பால் இல்லை"ன்னு எல்லாரும் சொல்வாங்க. பால் இல்லாததால் பவுடர் கொடுத்தோமா, பவுடர் கொடுத்ததால் பால் இல்லையான்னு அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

முதுகில் ஊசி போட்டுச் செய்ற சிசேரியனில் அம்மா விழிச்சுத்தான் இருக்காங்க. தாயும் குழந்தையும் நல்லா இருந்தா தியேட்டரிலேயே குழந்தையை மார்பில் போடலாம், ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வைக்கலாம். தையல் பிரியாது. மயக்க மருந்தால் பால் கெடாது. ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்க டாக்டரிடமும் செவிலியரிடமும் இதைக் கேட்டு வெச்சுக்கோங்க. பிரசவத்துக்குக் கூட வர்ற ஆள் யாரோ, அந்த அம்மாவோ அத்தையோ, அவங்களுக்கும் இப்பவே சொல்லிடுங்க. அன்னிக்கு ராத்திரி 2 மணிக்குக் குழந்தை அழும்போது முடிவு எடுக்கப்போறது அவங்கதான்.

சேனை வைக்கணும்னு தாத்தா ஆசையா வந்து நிக்கிறாரா? மனசை நோகடிக்காதீங்க. கையை சோப்புப் போட்டு நல்லா கழுவச் சொல்லி, சுத்தமான சின்ன ஸ்பூனில் தாயின் சீம்பாலையே ஒரு சொட்டு பீய்ச்சிக் கொடுங்க, அவர் வைக்கட்டும்.

ரெண்டாம் நாள் ராத்திரி குழந்தை விடாம அழுது சப்பிக்கிட்டே இருக்கும். அதைப் பாலில்லைன்னு எடுத்துக்காதீங்க. பாலைப் பெருக்கச் சொல்லி அது போடுற ஆர்டர் அது. ஒரு நாளைக்கு 8-இல் இருந்து 12 தடவை வரை கொடுங்க. வாய் நல்லா திறந்து, காம்பு மட்டும் இல்லாம கரும்பகுதியும் வாய்க்குள் போயிருக்கான்னு செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்க. வலிச்சா பிடி சரியில்லைன்னு அர்த்தம், எடுத்துட்டுத் திரும்பக் கொடுங்க.

போதுமான பால் போகுதான்னு டம்ளரை வெச்சு அளக்க முடியாது, துணியை வெச்சு அளக்கலாம். முதல் நாள் ஒரு தடவையாவது சிறுநீர், ரெண்டாம் நாள் ரெண்டு, அஞ்சாம் நாளுக்கு மேல் 6 தடவையாவது. மலம் கறுப்பில் இருந்து பச்சை, அப்புறம் மஞ்சளுக்கு மாறணும். எடை முதல் சில நாளில் கொஞ்சம் குறையும், 10 சதவீதத்துக்குள் இருக்கணும், ரெண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பணும்.

பவுடர் பாலே கூடாதுன்னு நான் சொல்லலை. ரத்தச் சர்க்கரை இறங்கின குழந்தை, ரொம்பக் குறைமாதக் குழந்தை, தாய் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தை, இவங்களுக்குக் கூடுதல் பால் தேவைப்படலாம். அப்போதும் முதல் தேர்வு தாயிடம் பீய்ச்சின பால், அடுத்தது தாய்ப்பால் வங்கியின் பால், அதுக்கும் அப்புறம்தான் டப்பா. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கினதுதான் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இப்போ இருக்கு. குழந்தை சேர்க்கப்பட்டிருக்கிற மருத்துவமனையில் உண்டான்னு கேளுங்க.

குழந்தை எழுப்பினாலும் எழாம துவண்டு கிடந்தா, சப்பவே இல்லைன்னா, 12 மணி நேரமா சிறுநீர் போகலைன்னா, உடம்பு சில்லுனு ஆனா, மூச்சு வாங்கினா, மஞ்சள் உள்ளங்கை பாதம் வரை இறங்கினா, இந்த இழையை மூடிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க. போற வழியிலும் குழந்தை அம்மாவின் மார்போடு ஒட்டி, துணி போர்த்தி இருக்கட்டும்.